'எல்லாம் போச்சு மிஸ்!' - கம்ப்யூட்டர் திடீரென அணைந்தால் திறந்திருந்த டேப்கள் எங்கே போகின்றன?

போன் இப்போது உங்கள் கையில்தான் இருக்கும். குரோமைத் திறந்து, சின்னச் சதுரத்துக்குள் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் மூடாமல் விட்ட டேப்களின் கணக்கு அது. எண்ணுக்குப் பதிலாகச் சிரிப்புக்குறி தெரிந்தால் நூறைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு குரோம் 99-க்கு மேல் எண்ணாது, சிரித்துவிட்டுப் போய்விடும்.

அந்த நூறில் என்ன இருக்கும்? போன ஆடியில் தேடிய கூழ் செய்முறை, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவாகாத வெட் கிரைண்டர், பாதி படித்த கட்டுரை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பக்கம், அம்மாவின் முட்டி வலிக்குப் பார்த்து வைத்த டாக்டர்களின் பட்டியல். மூடினால் மறந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் நாம் மூடுவதில்லை. வீட்டு கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். என் அனுபவத்தில், வீட்டில் அதிக டேப் திறந்து வைத்திருப்பவர்கள் பிள்ளைகள் அல்ல, அப்பாக்கள்.

சரி, அந்த கம்ப்யூட்டர் ஒருநாள் பட்டென்று அணைந்துவிட்டால்?

திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அதே குடியிருப்பின் வாட்ச்மேன் மகள் ப்ளஸ் டூ முடித்து, இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காக டீச்சர் வீட்டு கம்ப்யூட்டரில் கல்லூரிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். 2017 வரை இதற்கெல்லாம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போய், வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018-ல் அது ஆன்லைனுக்கு மாறியது. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். எத்தனை கல்லூரி, எத்தனை பாடப்பிரிவு வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் எது முதலில், எது பின்னால் என்ற வரிசைதான் தலையெழுத்தை முடிவு செய்யும். ஆகவே, அந்தப் பெண் கல்லூரிக்கு ஒரு டேப் என்று திறந்து வைத்திருந்தாள். போன வருட கட்-ஆஃப், ஹாஸ்டல் கட்டணம், திருவான்மியூர் டெப்போவிலிருந்து அந்தக் கல்லூரிக்கு பஸ் உண்டா என்பது வரை எல்லாம் டேப்களாக நின்றன. மொத்தம் 43. அவளே எண்ணி வைத்திருந்தாள்.

பட்டியலை முடிக்க மறுநாள்தான் கடைசி நாள். இரவு எட்டரை மணிக்கு, விளக்கும் ஃபேனும் அப்படியே இருக்க, கம்ப்யூட்டர் மட்டும் இறந்துபோனது. மறுபடி உயிர் வந்து குரோமைத் திறந்தபோது வெறும் வெள்ளைப் பக்கம்.

"எல்லாம் போச்சு மிஸ்!"

டீச்சர் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டபோது அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அழகு. "அழலாம், தப்பில்ல. ஆனா மவுஸிலிருந்து கைய எடுத்துட்டு அழு."

அந்த அறிவுரை ரொம்பச் சரி. ஏன் என்று பார்ப்போம்.

டைரி எழுதும் பிரவுசர்

டேப் என்பது ஒரு பக்கம் அல்ல. அந்தப் பக்கம் இருக்கும் இடத்தின் முகவரி, அவ்வளவுதான். நீங்கள் எந்தெந்த முகவரிகளைத் திறந்திருக்கிறீர்கள், எந்த வரிசையில், அதற்கு முன் எந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனீர்கள் என்பதையெல்லாம் பிரவுசர் சத்தமில்லாமல் ஹார்டு டிஸ்க்கில் குறித்துக்கொண்டே இருக்கும். ஃபயர்பாக்ஸ் சாதாரணமாக 15 விநாடிகளுக்கு ஒருமுறை இந்தக் குறிப்பைப் புதுப்பிக்கிறது. குரோமும் எட்ஜும் 'செஷன்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இதே வேலையைச் செய்கின்றன. கம்ப்யூட்டர் அணைந்தாலும் குறிப்பு அழியாது. ஆகவே டேப்கள் 'போய்விட்டன' என்று சொல்வதே சரியில்லை. திரையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு விண்டோ என்று திரை முழுக்க விரித்து வைத்திருந்த காலம் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்ததே 2006-ல் ஏழாவது பதிப்பில்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 2, செயலிழந்தால் பழைய டேப்களைத் திரும்பக் கொண்டுவரும் வசதியைக் கூடவே கொண்டுவந்தது. 2008 செப்டம்பர் 2-ம் தேதி வெளியான குரோம் இன்னொரு வழியில் போனது. ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி அறையில் ஓடவிட்டது. ஒரு பக்கம் மூச்சுத் திணறினாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும். அந்த குரோமை வெளியே கொண்டுவந்த குழுவை வழிநடத்தியவர் நம் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அறைகள் தனித்தனியாக இருந்தும், வீடே இருண்டால் எல்லா அறையும்தான் இருளும். அப்போது கைகொடுப்பது அந்த டைரிதான்.

முதல் ஐந்து நிமிடம்

அந்தப் பெண் குரோமை மறுபடி திறந்தவுடன் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கும். 'ரீஸ்டோர் பேஜஸ்?' என்று கேட்டிருக்கும். பதற்றத்தில் அதன் பெருக்கல் குறியைத் தட்டிவிட்டாள். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிடுகிறோம். பெட்டி தெரிந்தால் 'ரீஸ்டோர்' பட்டனை அழுத்துவதோடு வேலை முடிந்தது.

தட்டிவிட்டால்? கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'டி'யைத் தட்டுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு 'டி'க்கும் ஒரே எழுத்து என்பதால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: 'டேப்' என்ற சொல்லின் முதல் எழுத்தான டி. மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்டு. ஒவ்வொரு தட்டலுக்கும், கடைசியாக மூடியது முதலில் என்ற வரிசையில் பழையவை திரும்ப வரும். முழு விண்டோவாக மூடியிருந்தால் முழு விண்டோவாகவே வரும். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் இந்தச் சுருக்குவழி வேலை செய்யும்.

விசைகள் கைக்கு வரவில்லையா? குரோமின் மூன்று புள்ளி மெனுவில் 'ஹிஸ்டரி' மேல் மவுஸை வையுங்கள். சமீபத்தில் மூடியவற்றின் பட்டியலில் '43 டேப்ஸ்' என்பதுபோல ஒரே வரியாக நிற்கும். ஃபயர்பாக்ஸில் 'ஹிஸ்டரி' மெனுவுக்குள் 'ரீஸ்டோர் ப்ரீவியஸ் செஷன்' என்றே இருக்கும். சஃபாரியில் அதே மெனுவில் போன முறை திறந்திருந்த எல்லா விண்டோக்களையும் திறக்கும் வரி உண்டு.

இப்போது டீச்சரின் அறிவுரைக்கு வருவோம். மவுஸிலிருந்து ஏன் கையை எடுக்க வேண்டும்? பிரவுசரின் டைரி தடிமனான புத்தகம் அல்ல. இப்போது நடக்கும் செஷன், அதற்கு முந்தைய செஷன் என்று மிகக் கொஞ்சம்தான் வைத்திருக்கும். பதற்றத்தில் குரோமை மூடித் திறந்து, மூடித் திறந்து நாலு முறை செய்தால், ஒவ்வொரு முறையும் அந்த வெறும் வெள்ளைப் பக்கமே 'முந்தைய செஷன்' ஆகிவிடும். 43 டேப்கள் இருந்த குறிப்பு பின்னால் தள்ளப்பட்டுக் காணாமல் போகும். விபத்து அல்ல, அதற்குப் பின் நாம் செய்யும் அவசர வைத்தியம்தான் டேப்களைக் கொல்கிறது.

விலை உயர்ந்த வேலை ஏதாவது சிக்கியிருந்தால், எதையும் தொடுவதற்கு முன் அந்த 'செஷன்ஸ்' ஃபோல்டரையே நகல் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று குரோமே சொல்லும்: மெனுவில் 'ஹெல்ப்', 'அபவுட்' பக்கம் போகாமல், முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, வெர்ஷன் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் 'ப்ரொஃபைல் பாத்' என்ற வரியில் இருக்கும் ஃபோல்டருக்குள்தான் 'செஷன்ஸ்' குடியிருக்கிறது. கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பத்தியைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் செய்துவிடும்.

எல்லாமே கைவிட்டால் ஹிஸ்டரி இருக்கிறது. கன்ட்ரோலோடு 'ஹெச்' தட்டுங்கள். கடந்த 90 நாள்களில் நீங்கள் போன பக்கங்கள் தேதி, நேரத்தோடு இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்த நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இது டேப்களைக் கட்டாகத் திருப்பித் தராது. ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்கிற பொறுமை வேண்டும், கிடைக்கும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே கணக்கில் நுழைந்து, 'சிங்க்' வசதியைப் போட்டிருந்தால், செத்துப்போன கம்ப்யூட்டரின் டேப்களை போனிலேயே பார்க்கலாம். போன் குரோமில் மூன்று புள்ளி, 'ரீசென்ட் டேப்ஸ்'. கம்ப்யூட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரிப்பேருக்குப் போயிருந்தாலும் டேப்கள் உங்கள் சட்டைப் பையில் இருக்கும்.

'இன்காக்னிடோ'வில் திறந்தவை மட்டும் எந்த வழியிலும் வராது. வரக்கூடாது என்பதற்காகத்தானே அதைத் திறந்தோம்!

வந்தது எது, வராதது எது?

திருவான்மியூர் வீட்டில் விசைகளைத் தட்டியதும் 43 டேப்பும் வரிசை கட்டி வந்து நின்றன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நிமிடமே இன்னொரு அதிர்ச்சி. கவுன்சலிங் பக்கத்தைத் தொட்டால், மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே போனால், பட்டியலில் அவள் கடைசியாகச் 'சேமி' கொடுத்தவரை சேர்த்த கல்லூரிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அதற்குப் பின் சேர்த்த ஒன்பது இல்லை.

இந்த இடம்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டியது. சேமித்த பட்டியல் டீச்சர் வீட்டு கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை; கவுன்சலிங் சர்வரில் இருந்தது. வீட்டு கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடலில் போட்டிருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. சேமிக்காத ஒன்பதோ சர்வருக்கும் போகவில்லை, பிரவுசர் டைரியிலும் ஏறவில்லை. அவை இரண்டுக்கும் நடுவில் காற்றில் நின்றன. டேப் திரும்ப வந்தால் நாம் டைப் செய்ததும் திரும்ப வரும் என்பது தப்புக் கணக்கு. சில பக்கங்களில், முக்கியமாக ஃபயர்பாக்ஸில், கட்டத்துக்குள் எழுதியது சில நேரம் வரும். நம்பி உட்காரக் கூடாது.

அந்த ஒன்பதும் எப்படிக் கிடைத்தன என்கிறீர்களா? டீச்சர் முதல் நாளே ஒரு லாங் சைஸ் நோட்டில் கல்லூரி எண்ணோடு முழு வரிசையையும் எழுத வைத்திருந்தார். "ரஃப் ஒர்க் இல்லாம ஆன்ஸர் எழுதற பழக்கம் என் கிளாஸ்ல கிடையாது" என்றார். பத்து நிமிடத்தில் மறுபடி ஏற்றி, சேமித்து, அடுத்த நாள் காலை இன்னொரு முறை சரிபார்த்துப் பூட்டினார்கள்.

பணம் சம்பந்தப்பட்ட டேப் என்றால் இன்னும் கவனம். தட்கல் டிக்கெட்டுக்குக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், பணம் செலுத்தும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைகிறது. திரும்ப வந்ததும் அந்தப் பணப் பக்கத்தையே மீட்டு, ரீஃப்ரெஷ் கொடுக்காதீர்கள். முதலில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்ததா என்று போனில் பாருங்கள். பிறகு ஐஆர்சிடிசி கணக்குக்குள் புதிதாக நுழைந்து, டிக்கெட் ஹிஸ்டரியில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் அடுத்த முயற்சி. கரன்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மீட்ட டேப் பழைய நிலையைக் காட்டும். பணம் போனதா இல்லையா என்ற உண்மை வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. முகவரி கிடைத்துவிட்டது, தட்டினால் அந்தப் பக்கமே இணையத்தில் இல்லை. மாதக்கணக்கில் டேப்பாகவே வைத்திருக்கும் பழைய கட்டுரைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்போது அந்த முகவரியை நகலெடுத்து, இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் 'வேபேக் மெஷின்' தளத்தில் போட்டுப் பாருங்கள். 2001-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இந்தச் சேவை, இணையப் பக்கங்களைப் பல தேதிகளில் படம்பிடித்ததுபோல் சேமித்து வைத்திருக்கிறது. காசு கிடையாது.

மீட்கவே கூடாத டேப்

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்' என்று ஒரு பக்கம் வந்து, மூடவே முடியாமல் நிற்கும். பெரியவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள்; அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அதே 'ரீஸ்டோர் பேஜஸ்?' பெட்டி வரும். இந்த ஒரு சமயத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள். தொட்டால் சைரனும் திரும்ப வரும். தேவையான மற்ற பக்கங்களை ஹிஸ்டரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அந்த எண்ணுக்குப் பேசிப் பணம் இழந்திருந்தால், தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

அதேபோல், டேப்களை மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் எந்த சாஃப்ட்வேரையும் இறக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாமே பிரவுசருக்குள்ளேயே இலவசமாக இருக்கின்றன.

ஏன் அணைந்தது?

டீச்சர் வீட்டில் கரன்ட் போகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் மெக்கானிக் வந்து கேபினட்டைத் திறந்தார். ரேம் சிப்பைக் கழற்றி, அதன் விளிம்பில் இருந்த உலோகப் பட்டையைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். சரியாகிவிட்டது. "பீச் பக்கம் இருக்கீங்க மேடம், உப்புக்காத்து" என்றார். திருவான்மியூர், பெசன்ட் நகர்வாசிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, ஏசியின் வெளி யூனிட், ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம் என்று எல்லாவற்றையும் தின்னும் காற்று, கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுமா? கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் டெஸ்க்டாப்பை ஜன்னலோரம் வைக்காமல், வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்தால் இப்படித் திடீர் மரணங்கள் குறையும்.

கரன்ட்தான் காரணம் என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். "வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரன்ட் போனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுது" என்பவர்கள் ஏராளம். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ்', 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால், கரன்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் கணம் கொஞ்சம் நீளம். ஃபேன் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் தாங்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் எந்த இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. புயல் அறிவிப்பு வந்தால் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதோடு, கம்ப்யூட்டரில் வேலையைச் சேமித்து, முறையாக ஷட்டவுன் செய்து, ப்ளக்கையும் கழற்றிவிடுங்கள்.

நீலத்திரை வந்தாலே எல்லாம் அழிந்தது என்று பயப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்களை நீங்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். ஆனால் சிக்கலுக்குக் காரணமான ஒரு கோப்பை நீக்கியதும் கம்ப்யூட்டர்கள் எழுந்துகொண்டன. உள்ளே இருந்த கோப்புகள் அப்படியேதான் இருந்தன.

இனிமேல் என்ன செய்யலாம்? குரோம், எட்ஜ் செட்டிங்ஸில் பிரவுசர் தொடங்கும்போது என்ன திறக்க வேண்டும் என்ற பகுதியில், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான வேலையில் இருக்கும்போது, எழுந்து போகும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட்டோடு 'டாக்டர்' டி-யைத் தட்டினால், திறந்திருக்கும் எல்லா டேப்பும் ஒரே ஃபோல்டரில் புக்மார்க்காகப் போய் உட்கார்ந்துவிடும். ஃபோல்டருக்குத் தேதியையே பெயராக வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், எல்லா உபாயங்களிலும் இதுதான் உருப்படியானது. மற்றவை விபத்துக்குப் பின் ஓடுவது, இது சீட் பெல்ட்.

போன்காரர்களுக்கு

போன் அணைந்தாலும் டேப்கள் பொதுவாகப் போகாது. குரோமைத் திறந்தால் அப்படியே இருக்கும். தெரியாமல் மூடியதற்கு ஆண்ட்ராய்டில் 'ரீசென்ட் டேப்ஸ்'. ஐபோன் சஃபாரியில் டேப்கள் தெரியும் திரைக்குப் போய், கூட்டல் குறியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மூடியவற்றின் பட்டியல் வரும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று வாரமாகத் தொடாத டேப்கள் 'இன்ஆக்டிவ்' என்ற தனிப் பகுதிக்குள் போய்விடும். காணவில்லை என்று தேடுபவர்கள் அங்கே எட்டிப்பாருங்கள்.

போனில் உண்மையான ஆபத்து வேறு. 'போன் ஸ்லோவாக இருந்தால் கிளியர் டேட்டா கொடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனை. 'கிளியர் கேஷ்' கொடுத்தால் பாதகமில்லை. 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' கொடுத்தால் அந்த ஆப் புதிதாக வாங்கிய நிலைக்குப் போய்விடும். திறந்த டேப்கள் போகும், சிங்க் செய்யாத புக்மார்க்குகளும் போகும். அங்கே டைரியையே கிழித்துப் போட்டுவிடுகிறோம் என்பதால் கன்ட்ரோல் ஷிஃப்ட் வித்தையெல்லாம் எடுபடாது.

கடைசியாக, பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பம் போடுகிறவர்கள் இதையே தலைகீழாக யோசிக்க வேண்டும். நீங்கள் வேலையை முடித்து, விண்டோவை மூடிவிட்டு எழுந்து வருகிறீர்கள். அடுத்து உட்காருபவர் அதே மூன்று விசைகளைத் தட்டினால் உங்கள் டேப் அவருக்குத் திரும்ப வரும். நீங்கள் லாக்-அவுட் செய்யாமல் வந்திருந்தால், உங்கள் மெயிலோ கவுன்சலிங் பக்கமோ உங்கள் பெயரோடு அவர் முன்னால் திறக்கும். ஆகவே வெளியிடங்களில் இன்காக்னிடோ விண்டோவில் வேலை செய்யுங்கள், முடிந்ததும் லாக்-அவுட் கொடுங்கள், டவுன்லோடு செய்த மார்க் ஷீட்டையும் ஆதாரையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.